பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்த வேண்டும், பயணச் சுகம் கெடக்கூடாது: ஹிமாலயன் 411, களக்காடு

பச்சையாறு | ஜூன் 8, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பணி செய்கிறேன். சிதம்பராபுரம், மாவடி, பத்மநேரி, தேவநல்லூர், சிங்கிகுளம் என்று நாளுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டம். பாதி தூரம் தார்ச்சாலை, மீதி வாய்க்கால் கரையும் வாழைத் தோட்டத்து மண் பாதையும்.

சென்ற ஆண்டு சித்தப்பா மகனிடமிருந்து ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கினேன். 2019 மாடல். அந்தப் பாதைகளுக்கு அதைவிட நிதானமான வண்டியை நான் ஓட்டியதில்லை. சிக்கல் உயரம்தான். என் உயரம் 155 செ.மீ., எடை 52 கிலோ. சீட் உயரம் 800 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். சமதரையில் நின்றால் ஒரு காலின் முன்பாதம் படும். இரண்டு கால்களையும் ஊன்றினால் விரல் நுனி மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை பத்மநேரிப் பக்கம் வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கிடை ஆடுகள் வந்தன. ஒதுங்கி நின்றேன். இடது காலை ஊன்றப் போனால் அந்த இடத்தில் கரை ஒரு சாண் சரிந்திருந்தது. கால் தரையைத் தேடிக்கொண்டே போனது; இருநூறு கிலோவை நெருங்கும் வண்டி மெதுவாக, நிறுத்த முடியாமல், என் பக்கம் சாய்ந்தது. கணுக்கால் சுளுக்கியதோடு தப்பினேன். பின்னால் கட்டியிருந்த திரவ நைட்ரஜன் குடுவை ஆவாரம் புதரில் சாய்ந்து நின்றது. அது உருண்டு மூடி திறந்திருந்தால் உள்ளே இருந்த உறைவிந்துக் குழல்கள் அத்தனையும் வீண். ஆடு மேய்த்த அண்ணாச்சிதான் வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

பின்பக்கத்தை 30, 40 மி.மீ. தாழ்த்தலாம் என்று எண்ணுகிறேன். தாழ்த்தினால் தூக்கித் தூக்கிப் போடும் என்கிறார்கள். குடுவை குலுங்கக் கூடாது, என் இடுப்பும் தாங்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேர்மாதேவி 56 | ஜூன் 8, இரவு 10.25

தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். நான் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வண்டிக்கு, பின் ஷாக்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் தகட்டை நீளமானதாக வாங்கிப் போட்டேன். பின்பக்கம் 40 மி.மீ. இறங்கியது. முதல் நாள் இரண்டு பாதமும் தரையில் பதிந்தபோது அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டாம் நாள் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாபநாசம் போனேன். வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் ஓர் இடி. சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி ரப்பரில் மோதுகிற ஓசை அது. காரையார் மலைப்பாதை வளைவுகளில் வண்டி திரும்ப மறுத்தது. ஹேண்டிலைத் தள்ளித் தள்ளித் திருப்ப வேண்டியிருந்தது. இரவில் முகப்பு விளக்கு மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டியது. எதிரே வந்தவர்கள் கண் கூசித் திட்டினார்கள்.

சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி ஏறக்குறைய நேராக நின்றது. பணகுடியில் ஆனிக் காற்றில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது மறுபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மாட்டிக் கொடுத்த கடையில் இதில் ஒன்றைக்கூட முன்கூட்டியே சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கழற்றிவிட்டுப் பழைய தகடுகளையே போட்டுக்கொண்டேன்.

கல்லிடை | ஜூன் 9, காலை 6.05

என் உயரம் 160. பதினைந்து ஆண்டுகளாக உயரமான வண்டிகளையே ஓட்டுகிறேன், எதையும் தாழ்த்தியதில்லை. நிற்கும்போது இடுப்பைச் சீட்டில் ஒரு பக்கம் நகர்த்தி, ஒரே காலை முழுதாக ஊன்ற வேண்டும். மறுகால் பின் பிரேக்கில் இருக்கட்டும். இரு காலையும் ஒருசேர ஊன்ற நினைப்பதே விழுவதற்குக் காரணம். நிற்குமுன் தரையைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். நல்ல வண்டியின் அமைப்பைக் கெடுப்பதற்கு முன் ஒரு மாதம் இதைப் பழகிப் பாருங்கள்.

பச்சையாறு | ஜூன் 9, காலை 6.50

கல்லிடை அண்ணாச்சி, நீங்கள் சொல்கிற முறையில்தான் ஓராண்டாக ஓட்டுகிறேன். அன்றும் ஒரு காலைத்தான் ஊன்றினேன். ஆனால் பின்னால் எட்டு கிலோ குடுவைப் பெட்டி, கீழே கரைச் சரிவு, எதிரே நூறு ஆடுகள். பார்த்து நிற்க நேரமில்லாத இடங்களில்தான் எனக்கு வேலை. முழுப் பாதமும் பதிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு விரல்கடை கிடைத்தால் போதும்.

வள்ளியூர் பட்டறை | ஜூன் 9, மதியம் 2.15

சாப்பிட்டு வந்து இழையைப் படித்தேன். முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, ஒரு கேள்வி. உங்கள் சித்தப்பா மகன் இந்த வண்டியை எப்படி ஓட்டினார், அவர் எடை என்ன? பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையம் எந்த நிலையில் இருக்கிறது? அதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

52 கிலோ எடைக்காரர் வண்டி உயரமாக இருக்கிறது என்று வந்தால், பெரும்பாலும் வண்டியின் உயரம் மட்டும் அதற்குக் காரணமாக இருப்பதில்லை. அவர் உட்காரும்போது வண்டி அமிழ வேண்டிய அளவு அமிழவில்லை என்பதும் சேர்ந்திருக்கும். இந்த அமிழ்வைப் பட்டறையில் சேக் (sag) என்கிறோம். அமிழாத வண்டி உயரமாகவும் இருக்கும், தூக்கியும் போடும். இரண்டும் ஒரே நோய். அதனால்தான் தாழ்த்தினால் சுகம் கெடும் என்ற பேச்சு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வண்டியில் முதல் பத்துப் பதினைந்து மி.மீ. தாழ்வு சுகத்தைக் கூட்டவே செய்யும் என்பது என் கணிப்பு. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தச்சநல்லூர் 99 | ஜூன் 9, மாலை 5.40

இவ்வளவு யோசனை எதற்கு? ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்துவிட்டால் வண்டி தானாக இறங்கும். எங்கள் பக்கத்தில் இருநூறு ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள். என் நண்பன் வண்டிக்குச் செய்தோம்.

வள்ளியூர் பட்டறை | ஜூன் 9, மாலை 6.20

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. அறுத்த ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாகும், மென்மையாகாது. எட்டுச் சுற்று இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் மிச்சமிருக்கும் ஏழும் அதே பாரத்துக்குக் குறைவாகத்தான் அமுங்கும். ஏறக்குறைய 14 விழுக்காடு கடினம் கூடிவிடும். கேஸ் வெல்டிங்கில் அறுத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அறுத்த நுனி தட்டையாக இருக்காது, ஒரு பக்கமாக உட்கார்ந்து ஷாக்கின் தண்டை வளைக்கும், எண்ணெய் சீல் கிழியும். அப்படிக் கிழிந்து, பின்சக்கரத்தில் எண்ணெய் வடிந்து வழுக்கி விழுந்த ஒரு பையனின் வண்டி என் பட்டறைக்கு வந்தது. உங்கள் நண்பரிடம் அதைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய சாமான் கடையிலாவது அறுக்காத ஸ்பிரிங் ஒன்று கிடைக்கும்.

பாளை வாத்தியார் | ஜூன் 9, இரவு 8.30

பட்டறை அண்ணாச்சி சொன்ன அளவை எப்படி எடுப்பது என்று எழுதுகிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். இந்தக் கணக்கை என் வண்டியில் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மூன்று அளவு வேண்டும். முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே உள்ள சட்டத்தில் ஒரு காகித நாடாவை ஒட்டி அதில் கோடு போடுங்கள். ஆக்ஸிலுக்கும் கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மி.மீ. கணக்கில் குறியுங்கள். அடுத்து வண்டியைக் கீழே இறக்கி, ஆளில்லாமல் ஒருவர் நிமிர்த்திப் பிடித்திருக்க அதே இடைவெளியை அளங்கள். மூன்றாவதாக, நீங்கள் வேலைக்குப் போகும் கோலத்திலேயே, பெட்டியும் கட்டி, காலணியும் போட்டு, பாதத்தை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார வேண்டும். இருவர் துணைக்கு வேண்டும். ஒருவர் முன்னால் பிடிக்க, ஒருவர் அளக்க.

ஹிமாலயன் 411-இல் பின்சக்கரம் மேலும் கீழுமாகப் போகும் மொத்தத் தூரம் 180 மி.மீ. நீங்கள் உட்கார்ந்த நிலையில் அதில் 30 விழுக்காடு, அதாவது 54 மி.மீ. அளவுக்கு அமிழ்ந்திருந்தால் நல்லது. 25 விழுக்காட்டுக்குக் குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லை. 35-ஐத் தாண்டினால் மேட்டை வாங்க இடமில்லை.

இன்னொன்று. இரண்டாவது, மூன்றாவது அளவுகளை இருமுறை எடுங்கள். வண்டியைப் பின்னால் சற்றுத் தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறை. கீழே அமுக்கி மெதுவாக விட்டு ஒருமுறை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஏழெட்டு மி.மீ. வேறுபட்டால் உள்ளே எங்கோ உராய்ந்து பிடிக்கிறது என்று பொருள்.

பச்சையாறு | ஜூன் 11, இரவு 9.45

அளந்துவிட்டேன். அம்மா முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடித்தார்கள், தம்பி டேப்பைப் பிடித்தான்.

தொங்கவிட்டபோது 612. ஆளில்லாமல் தூக்கிவிட்டால் 607, அமுக்கிவிட்டால் 597. நானும் பெட்டியும் ஏறிய பிறகு தூக்கிவிட்டால் 586, அமுக்கிவிட்டால் 574.

இரண்டின் நடுவை எடுத்தால் நான் உட்காரும்போது வெறும் 32 மி.மீ. அமிழ்கிறது. 180-இல் 18 விழுக்காடு.

வளையத்தையும் பார்த்தேன். கடைசி வரை இறுக்கி வைத்திருக்கிறது. சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் எடை 88 கிலோவாம். மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் மூணாறு போவதற்காக இறுக்கியவர் பிறகு தளர்த்தவே இல்லையாம். அவருக்காக முறுக்கிய ஸ்பிரிங்கில் ஓராண்டாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளியூர் பட்டறை | ஜூன் 12, காலை 7.10

எனக்கு அந்த 18 விழுக்காட்டைவிட, தூக்கிவிட்டதற்கும் அமுக்கிவிட்டதற்கும் உள்ள 10, 12 மி.மீ. வேறுபாடுதான் கண்ணில் படுகிறது. ஷாக்கைப் பின்சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டான லிங்கேஜில் உள்ள நீடில் (ஊசி) பேரிங்குகள் வறண்டிருக்கின்றன. அந்த இடம் பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் அடியில் இருக்கிறது. வயல் சேறும் வாய்க்கால் தண்ணீரும் நேராக அங்கேதான் அடிக்கும். வண்டி கழுவும் இடத்தில் அழுத்தத் தண்ணீரை அங்கே காட்டியிருந்தால் மிச்சமிருந்த கிரீஸும் போயிருக்கும். பேரிங் பிடித்துக்கொண்டால் சிறிய மேடுகளுக்கு ஷாக் அசையவே அசையாது, முழு அடியும் சீட்டுக்கு வரும். இதோடு தாழ்த்தும் தகடு போட்டிருந்தால் சுகம் கெட்டதற்குத் தகட்டைக் குறை சொல்லியிருப்பீர்கள்.

வளையத்தைத் தொடும் முன் லிங்கேஜைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வழக்கமான வேலைதான், ஆனால் வண்டியின் எடையைச் சட்டத்தில் தாங்கவிட வேண்டும், போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன டார்க்கில், அதாவது முறுக்கு அளவில், முறுக்க வேண்டும். அந்த அளவு காட்டும் டார்க் ரெஞ்சு உள்ள இடத்தில் கொடுங்கள்.

பச்சையாறு | ஜூன் 15, மாலை 4.30

இன்று கழற்றினோம். வேலை நடக்கும்போது கூடவே உட்கார்ந்திருந்தேன். கீழ் லிங்கின் பேரிங்கை வெளியே எடுத்தபோது உருளவே இல்லை. ஊசிகள் ஒவ்வொன்றும் குண்டூசிப் பருமன். வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியவை செம்மண் நிறத்தில் துருவோடு ஒட்டிக் கிடந்தன. அதற்குள் நுழையும் புஷ்ஷில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. அந்த ஒரு பேரிங்கையும் புஷ்ஷையும் மாற்றினோம். மற்றவை மண்ணெண்ணெயில் கழுவியதும் பளபளத்தன. விரலால் கிரீஸை ஊசிகளுக்கு இடையே அடைத்துத் திரும்ப மாட்டினார்.

பிறகு வளையத்தை முழுவதும் தளர்த்தி மறுபடி அளந்தோம். ஆளில்லாமல் 588. நானும் பெட்டியும் ஏறினால் 564. தூக்கிவிட்டாலும் அமுக்கிவிட்டாலும் மூன்று மி.மீ.க்குமேல் வேறுபாடு இல்லை. ஆக, அமிழ்வு 48 மி.மீ., ஏறக்குறைய 27 விழுக்காடு.

வீட்டுக்கு வரும் வழியில் சிதம்பராபுரம் விலக்கில் இருக்கும் அந்த மூன்று வேகத்தடைகளை வேண்டுமென்றே இருமுறை ஏறி இறங்கினேன். முன்பெல்லாம் மூன்றாவதில் இடுப்பு சீட்டைவிட்டு எழும்பும். இன்று வண்டி அமிழ்ந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தது.

ராதாபுரத்துக்காரன் | ஜூன் 15, மாலை 6.00

வளையத்தைத் தளர்த்தியதால் ஸ்பிரிங் மென்மையானது, அதனால் சுகம். இதுதானே நடந்தது?

பாளை வாத்தியார் | ஜூன் 15, இரவு 9.00

இல்லை. பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள், இதனால் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். வளையம் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை. முன்னும் பின்னும் அதே ஸ்பிரிங்தான், ஒரு மி.மீ. அமுக்க முன்பு எவ்வளவு பாரம் கூடுதலாக வேண்டுமோ அவ்வளவேதான் இப்போதும் வேண்டும். மாறியது வண்டி நிற்கும் உயரம் மட்டும்.

பிறகு சுகம் எங்கிருந்து வந்தது? முதலாவது, துருப்பிடித்த பேரிங் விடுபட்டது. இரண்டாவது, முன்பு சக்கரம் கீழே இறங்குவதற்கு 32 மி.மீ.தான் மிச்சம் இருந்தது. சாலையில் 50 மி.மீ. பள்ளம் வந்தால் சக்கரம் பாதியிலேயே எல்லையில் முட்டி நின்றுவிடும், மீதித் தூரத்துக்கு வண்டியும் ஆளும் சேர்ந்து விழுவார்கள். நம் ஊர்ச் சாலைகளில் தூக்கிப் போடுகிறது என்று சொல்வதில் பாதி உண்மையில் கீழே போடுவது. இப்போது அதே பள்ளத்துக்குச் சக்கரம் தனியாக இறங்கிவிட்டு வருகிறது.

சேர்மாதேவி நண்பருக்கு நேர்ந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷன் வாங்க வேண்டிய அடி ஓர் ஆற்றல். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 180 மி.மீ. ஓட்டத்தை 150 ஆக்கினால், அதே அடியைத் தாங்க ஸ்பிரிங் 1.44 மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடினமாக்கினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். ஆக்காவிட்டால் அடியில் இடிக்கும். ஷாக்குக்குள் வில்லை போட்டு நீளத்தைக் குறைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீளமான லிங்க் தகட்டில் நடப்பது வேறு: சக்கரத்தின் ஓட்டம் குறையாமலே வண்டி இறங்கும், ஆனால் நெம்புகோலின் விகிதம் மாறும். பல வண்டிகளில் இதனால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் குறைந்து, எளிதாக அடிவரை போய்விடுகிறது. சக்கரம் உள்ளே மட்காடை உரசவும் வாய்ப்புண்டு. எல்லா வண்டியிலும் நீளத் தகடுதான் தாழ்த்தும் என்பதும் இல்லை. லிங்கேஜ் அமைப்பைப் பொறுத்துச் சிலவற்றில் குட்டைத் தகடு தாழ்த்தும்.

ஹேண்டில் கனத்ததற்கும் காரணம் உண்டு. பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கூடுதலாகச் சாய்ந்து படுக்கிறது. சாய்ந்தால் நேராகப் போவதற்கு நல்லது, திரும்புவதற்குக் கனம்.

பச்சையாறு | ஜூன் 16, காலை 6.15

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். ஆக்ஸிலில் 16 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஆனால் சுவரில் கோடு போட்டுச் சீட்டை அளந்தால் 10, 11தான் இறங்கியிருக்கிறது. எங்கே போயிற்று மீதி?

பாளை வாத்தியார் | ஜூன் 16, காலை 7.00

எங்கும் போகவில்லை. வண்டி முன் ஆக்ஸிலை அச்சாக வைத்துச் சுழல்கிறது. பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே உள்ள சட்டம் முழுதாக இறங்கும், முன் ஆக்ஸில் இருக்குமிடத்தில் இறங்காது. நீங்கள் உட்காருமிடம் முன்னிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 40 மி.மீ. தாழ்த்தும் தகடு என்று விற்பதை வாங்கினால் காலுக்குக் கிடைப்பது 27-ஐ ஒட்டித்தான். தீங்கு மட்டும் முழு நாற்பதுக்கும் வரும்.

வள்ளியூர் பட்டறை | ஜூன் 16, மதியம் 1.30

இனி சீட்டுக்கு வாருங்கள். தங்கச்சிக்கு இன்னும் இரண்டு விரல்கடை வேண்டுமென்றால் அது சஸ்பென்ஷனில் இல்லை, சீட்டில் இருக்கிறது.

சீட்டின் உயரத்தைவிட அதன் அகலம் காலைத் தின்கிறது. தொடை சீட்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும். முன்பகுதியில், டேங்கை ஒட்டிய இடத்தில், இரண்டு பக்க ஓரங்களையும் விரல் பருமன் சீவிவிட்டாலே பாதம் கீழே இறங்கிவிடும். நடுவில் 20 மி.மீ. எடுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். எடுத்துவிட்டுச் சும்மா மூடினால் அடித்தகடு எலும்பில் குத்தும். எடுத்த இடத்தில் ரீபாண்டட் ஃபோம், அதாவது ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டியான ஃபோம், ஒரு படலம் ஒட்டி, மேலே மெல்லிய மென்ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அறுக்கும் முன் உங்களை உட்கார வைத்துச் சாக்கட்டியால் கோடு போடுகிற ஆளிடம் கொடுங்கள். உட்கார வைக்காமல் அறுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அதோடு முன் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் 8 மி.மீ. மேலே ஏற்றிவிடலாம். பின்னால் 16 இறங்கியதற்கு முன்னால் 8 என்பது ஹேண்டிலின் குணத்தை ஓரளவு பழையபடி கொண்டுவரும், சீட்டும் இன்னொரு இரண்டு மூன்று மி.மீ. இறங்கும். இரண்டு குழாயும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒரு மி.மீ. கூட வேறுபடக் கூடாது. முடித்தபின் முகப்பு விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சங்கிலித் தொய்வையும் நீங்கள் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை பாருங்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் நிற்கும் கோணம் மாறியிருக்கிறது.

சைடு ஸ்டாண்டை இப்போது அறுக்க வேண்டியதில்லை. இந்த அளவுத் தாழ்வுக்குப் பழையதே தாங்கும். காற்றுக் காலத்தில் மட்டும் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

கல்லிடை | ஜூன் 16, இரவு 8.10

முதலில் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். சகோதரி கேட்டது அமைப்பைக் கெடுப்பதல்ல என்று இப்போது புரிகிறது, கெட்டிருந்ததைச் சரிசெய்திருக்கிறார். நானும் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை அளந்தேன். 38 விழுக்காடு அமிழ்கிறது. எனக்கு எதிர்ப்பக்கக் கோளாறு. தாமிரபரணிக் கரைப் பாதையில் அடியில் கல் இடிப்பது ஏன் என்று இத்தனை நாளும் தெரியாமல் இருந்தேன். வளையத்தை இறுக்கினேன், 32-க்கு வந்தது.

சேர்மாதேவி 56 | ஜூன் 16, இரவு 9.20

தங்கச்சி, காலணியையும் பாருங்கள். நான் இப்போது கணுக்காலை மூடும், அடிப்பாகம் தடித்த காலணி அணிகிறேன். அதில் எனக்கு 15 மி.மீ. கிடைத்தது, வண்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. சுளுக்கிய கணுக்காலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

பச்சையாறு | ஜூலை 20, இரவு 8.50

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சீட்டைத் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். அவர் என்னை மூன்று முறை ஏறி இறங்க வைத்தார். ஒவ்வொரு முறையும் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ளங்கையளவு அட்டையைச் செருகி எந்த இடம் இடிக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கோடு போட்டார். பிறகு இரும்பு அறுக்கும் வாளின் வெறும் அலகைக் கையில் வளைத்துப் பிடித்துக்கொண்டு, பனங்கிழங்கைச் சீவுவதுபோல மெல்லிய சீவல்களாக எடுத்தார். ஒரே வெட்டில் எடுத்தால் பள்ளம் விழும், தையல் இறுகியபிறகு அது தொடையில் தெரியும் என்றார். முன்புறம் இப்போது ஒடுங்கியிருக்கிறது, உட்காருமிடம் பழைய அகலத்திலேயே இருக்கிறது.

ஃபோர்க் 8 மி.மீ. ஏற்றினோம். எல்லாம் சேர்ந்து சீட்டில் 33 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஓரம் சீவியதால் கிடைத்ததை மி.மீ. கணக்கில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அதுதான் பெரிது. இப்போது இரண்டு காலின் முன்பாதமும் பதிகின்றன. ஒரு பக்கம் நகர்ந்தால் குதிகாலும் பதிகிறது.

நேற்று தேவநல்லூரில் கார்ப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்போரப் பாதையில் எதிரே நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர். ஒதுங்கி நின்று இடது காலை ஊன்றினேன். சேறு. அதற்குக் கீழே தரை. நின்றேன். டிராக்டர் கடந்து போகும்வரை குடுவை அசையாமல் இருந்தது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருக்குறுங்குடிக்குப் போனபோது ஏர்வாடி தாண்டி ஒரு வேகத்தடையில் அடியில் லேசாக இடித்தது.

வள்ளியூர் பட்டறை | ஜூலை 20, இரவு 9.30

அது குறையல்ல, வளையத்தின் வேலையே அதுதான். அம்மாவை ஏற்றும் நாளில் சி ஸ்பேனரால் வளையத்தை இறுக்குங்கள், மறுநாள் பழையபடி தளர்த்துங்கள். ஸ்பேனரைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். எத்தனை படி இறுக்கினால் அம்மாவோடு சேர்த்து அமிழ்வு 54 மி.மீ.க்கு வருகிறது என்று ஒருமுறை அளந்து சட்டத்தில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். லிங்கேஜுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ். நீங்கள் போகும் பாதைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிசானப் பருவ நெல் நடவு தொடங்குமுன் ஒன்று, அறுவடை முடிந்து ஒன்று.

மூலைக்கரைப்பட்டி வீடு | ஜூலை 22, காலை 10.05

இழை முழுவதும் படித்தேன். என் மனைவிக்கு ஸ்பிளெண்டர். 785 மி.மீ. சீட், அவர் எடை 45 கிலோ. அதில் இரண்டு ஷாக்குகள், லிங்கேஜ் இல்லை. குட்டையான ஷாக் வாங்கிப் போட்டுத் தாழ்த்தலாமா? கடையில் கையிருப்பு இருக்கிறதாம்.

பச்சையாறு | ஜூலை 22, மதியம் 1.40

அண்ணாச்சி, கடைக்குப் போகவேண்டாம், முதலில் டேப்பை எடுங்கள். ஸ்பிளெண்டரின் இரண்டு ஷாக்கிலும் கீழே படிப்படியான வளையம் இருக்கும், ஐந்து படிகள். இரண்டுமே ஒரே படியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் தோழியின் வண்டியில் ஒன்று இரண்டாவதிலும் மற்றது நான்காவதிலும் இருந்தது, அவள் அதிலேயே பல மாதம் ஓட்டியிருக்கிறாள். இரண்டையும் மிகத் தாழ்ந்த படிக்குக் கொண்டுவந்து, மனைவியை உட்கார வைத்து அளந்து, மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள். ஷாக்கின் மேல் கீழ் புஷ் ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். பட்டறை அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார்.